பாயாசம் மாதிரி வர்ற ஸ்ட்ராங் ஸ்டவுட்டை எப்படி ருசி பார்க்கிறது

போன ஞாயித்துக்கிழமை சாயந்திரம் மலேசியாவுல, பேராக் சுங்கை சிப்புட்ல, எங்க வீட்டு முன்வாசல்ல நாலு பேரு உக்காந்து ஒரே ஒரு ஸ்டவுட் போத்தலை, அதான் அந்தக் கறுப்பு பீரை, ஒன்றரை மணி நேரம் குடிச்சோம். 330 மில்லிதான், ஆனா ஆல்கஹால் 12 சதவீதம். மாமாவுக்கு முதல்ல இஷ்டமே இல்ல, "நாலு பேருக்கு ஒரு போத்தலா, ஒரு மொடக்குக்குக் கூட காணாதேடா"ன்னாரு. நாப்பது வருஷம் தோட்டத்துல வேலை செஞ்சவரு, முதல்ல பால்மரம், அப்புறம் செம்பனை, சம்பளத்தன்னிக்கு காப்பிக்கடையில ஒரு ஸ்டவுட், அதோட சரி. லேபிளை நான் அவருக்குக் காட்டல. ரெண்டாவது மொடக்கை வாயில வச்சுக்கிட்டு கண்ணை மூடி கொஞ்ச நேரம் இருந்தாரு, முழுங்கினாரு, "டேய், இது புளூட் ஹித்தாம்டா, சந்தான் ஊத்தினது"ன்னாரு, கறுப்பு அரிசியில இனிப்புக் கஞ்சி காய்ச்சி மேல தேங்காப்பால் ஊத்துவாங்களே, அது. போத்தலைத் திருப்பிப் பார்த்தா தேங்காயும் வெண்ணிலாவும் போட்டிருக்குன்னு எழுதியிருக்கு.

அன்னைக்கே இதை எழுதிடணும்னு முடிவு பண்ணிட்டேன். சின்ன ஆலைங்கள்ல காய்ச்சுற இந்த கிராஃப்ட் ஸ்டவுட்டெல்லாம் கோலாலம்பூர்ல பார்ல உக்காந்து குடிக்கிறவங்களுக்குத்தான், நமக்கு அந்த ருசியெல்லாம் பிடிபடாதுன்னு நம்ம ஊர்ல நெறைய பேரு நெனைக்கிறாங்க. கோப்பி ஓவும் (பால் ஊத்தாத கறுப்பு காப்பி) குலா மலாக்காவும் (தென்னை வெல்லம்) சந்தானும் கருப்பட்டியும் தின்னு வளந்த நாக்குக்கு இது பிடிபடாம வேற எந்த நாக்குக்குப் பிடிபடப் போகுது? மெதுவா குடிக்கணும், லேபிள்ல இருக்கிற வார்த்தையை மறந்துட்டு நம்ம வாயில வர்ற வார்த்தையில சொல்லணும். மத்ததெல்லாம் அதுக்கு ஒத்தாசை.

முதல்ல இது என்ன சாமான்னு கொஞ்சம் தெரிஞ்சுக்குவோம். ஸ்டவுட் கறுப்பா இருக்கிறதுக்கு சாயம் எதுவும் காரணம் இல்ல, பார்லியை காப்பிக்கொட்டை மாதிரி கறுக்க கறுக்க வறுத்துப் போடுறாங்க, அதுதான் காரணம். இங்கிலாந்துல 1817-ல டேனியல் வீலர்ங்கிறவரு உருளையில போட்டு மால்ட்டை, அதாவது முளைகட்டி காய வச்ச பார்லியை, வறுக்கிற முறைக்குக் காப்புரிமை வாங்கினாரு, அதுக்கப்புறம்தான் இந்த அளவுக்குக் கறுப்பு சுலபமா வந்துச்சு. அதுக்கும் முன்னாடியே, 18-ஆம் நூற்றாண்டுல, லண்டன்லருந்து ரொம்ப ஸ்ட்ராங்கான கறுப்பு பீரை ரஷ்யாவுக்கு மகாராணி கேத்தரினோட அரண்மனைக்குக் கப்பல்ல அனுப்பியிருக்காங்க, இன்னைக்கும் அந்த வகைக்கு இம்பீரியல் ஸ்டவுட்டுன்னு பேரு நிக்கிறது அதனாலதான். நாம இப்ப பேசுறது அதோட இனிப்பான வாரிசு. அந்த ஸ்ட்ராங் ஸ்டவுட்டுல வெண்ணிலா, கொக்கோ, தேங்கா, பட்டை, காப்பின்னு போட்டு, கூடவே பால்ல இருக்கிற சீனியான லாக்டோஸையும் சேர்க்கிறாங்க. பீரைப் புளிக்க வைக்கிற ஈஸ்ட்டால மத்த சீனியைத் தின்ன முடியும், லாக்டோஸைத் தின்ன முடியாது, அதனால அது அப்படியே தங்கி நாக்குல கெட்டியா, வழவழன்னு நிக்குது. (பால் குடிச்சா வயித்துக்கு ஒத்துக்காதவங்க இதை மனசுல வச்சுக்கணும், இது அதே பால் சீனிதான்.)

லேபிள்ல கேக் படம் போட்டிருந்தா உள்ள கேக் இருக்கும்னு அர்த்தம் இல்ல. சுவீடன்காரங்க ஓம்னிபோலோ, இங்கிலாந்துக்காரங்க பக்ஸ்டனோட சேர்ந்து யெல்லோ பெல்லின்னு ஒண்ணு போட்டாங்க, 11 சதவீதம், கச்சாங் (நிலக்கடலை) வெண்ணெ பிஸ்கட் ஸ்டவுட்டுன்னு சொல்லி வந்துச்சு, ஆனா அதுல கச்சாங்கும் கிடையாது வெண்ணெயும் கிடையாது பிஸ்கட்டும் கிடையாது. அதே ஓம்னிபோலோவோட நோவா பெக்கன் மட் கேக்கும் 11 சதவீதம்தான். அதனால அட்டையை நம்பி உக்காராதீங்க, வாயை நம்புங்க. ஆனா கச்சாங் அலர்ஜி இருக்கிறவங்க மட்டும் பொருள் பட்டியலை ஒவ்வொரு எழுத்தா படிக்கணும், சில ஸ்டவுட்டுல நெசமாவே போடுவாங்க.

இப்ப கணக்கு. 12 சதவீதம் 330 மில்லின்னா உள்ள கிட்டத்தட்ட 40 மில்லி சுத்த ஆல்கஹால். சாதா 5 சதவீத பீர் டின் ஒண்ணுல 16 மில்லிதான். அப்ப இந்தச் சின்ன போத்தல் ஒண்ணு ரெண்டரை டின்னுக்குச் சமம், இனிப்பா இருக்கிறதால அது தெரியவே தெரியாது, பாயாசம் மாதிரி இறங்கிடும். நாலு பேருக்கு ஒரு போத்தல்னு நான் பிடிவாதமா நின்னது அதுக்குத்தான். நாங்க வளந்த தோட்டத்து லயத்துல சம்சு (மலிவு சாராயம்) குடிச்சு அழிஞ்ச குடும்பத்தை நான் பக்கத்து வீட்லயே பார்த்திருக்கேன், சம்பள நாள்னாலே பிள்ளைங்க பயந்து கதவைச் சாத்திக்கிட்ட வீடு அது. குடிக்கிறதுன்னா வெறிக்கக் குடிக்கிறதுதான்னு இருந்த ஊர்ல, கொஞ்சமா ஊத்தி நிதானமா ருசி பார்க்கிறதுன்னு ஒண்ணு இருக்குன்னு காட்டணும்னுதான் எனக்கு இதுல இவ்வளவு அக்கறை. 21 வயசு ஆகாதவங்களுக்கு விக்கிறது சட்டப்படி கூடாது. மோட்டார்ல வந்தவங்க மோட்டாரை அங்கேயே விட்டுட்டுப் போகணும், 2020-ல சட்டத்தை இறுக்கினதுக்கப்புறம் ரத்தத்துல 100 மில்லிக்கு 50 மில்லிகிராம்தான் எல்லை. இனிப்புநீர் (சக்கரை வியாதி) இருக்கிறவங்க, மருந்து சாப்பிடுறவங்க, வயித்துல பிள்ளை இருக்கிறவங்க, பால் குடுக்கிறவங்க இதைத் தொட வேண்டாம். பிள்ளை பெத்தவளுக்கு ஸ்டவுட் குடுத்தா ரத்தம் ஊறும்னு நம்ம பாட்டிங்க சொன்னது அன்போட சொன்னது, ஆனா அது சரியில்ல.

வாங்குறப்ப ரெண்டு விஷயம் பாருங்க. தேதி, அப்புறம் அந்த போத்தல் கடையில எங்க நிக்குதுன்னு. இதுல நான் அடிபட்டிருக்கேன், ஒரு கடையில கண்ணாடி ஜன்னலோரம் வெயில் படுற மாதிரி அடுக்கியிருந்ததுல ஒண்ணை 50 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல குடுத்து வாங்கிட்டு வந்து, பிறந்தநாளுக்குத் திறந்தா கிச்சாப் (சோயா சாஸ்) வாசம், சாக்லெட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. நம்ம ஊரு சூடு பீருக்குப் பெரிய எதிரி. குளுகுளுன்னு இருட்டுல வச்சிருக்கிற கடையா பார்த்து வாங்குங்க, வாங்கினதும் காருக்குள்ள விட்டுட்டு பாசார் மாலாம் (ராத்திரிச் சந்தை) சுத்தப் போயிடாதீங்க, நேரா வீட்டுக்குக் கொண்டுபோய் ஐஸ் பெட்டியில நிமித்தி வைங்க. பழைய ஸ்டவுட்டுதான் ஒசத்தின்னு சொல்லுவாங்க, வெறும் இம்பீரியலுக்கு அது ஒரு அளவுக்கு உண்மை, ஆனா காப்பி, தேங்கா, வெண்ணிலா போட்டதுக்கு அந்த வாசம்தான் உயிரு, அது மாசத்துக்கு மாசம் குறைஞ்சுக்கிட்டே போகும். சீக்கிரம் குடிச்சிடுங்க.

குடிக்கிற அன்னைக்கு மத்தியானம் சம்பல், கார மீன் கறி இதெல்லாம் வேண்டாம். காரம் நாக்குல நின்னுச்சுன்னா இந்த ஸ்டவுட்டோட ஆல்கஹால் அதுமேல பட்டு எரியும், ருசி ஒண்ணும் தெரியாது. வெறும் வயித்தோடவும் உக்காராதீங்க, சோறு, பருப்பு, முட்டை மாதிரி சாந்தமா எதாவது ஒரு மணி நேரம் முன்னாடி சாப்பிட்டுடுங்க. அப்புறம் கொசுவத்தி! முன்வாசல்ல உக்காந்தா கொசு வரும், கொசுவத்தி ஏத்தினா மூக்கு செத்துச்சு, அதனால காத்தாடியைப் போட்டு கொசுவை விரட்டுங்க. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்ட வீட்டுலயும் இது வேலைக்காகாது, வேற நாள் வச்சுக்கலாம்.

கிலாஸ் விஷயத்துல ரொம்ப செலவு பண்ண வேண்டாம். அடி அகலமா வாய் குறுகலா இருக்கிற பிராந்தி கிலாஸ் இருந்தா நல்லது, இல்லன்னா சாதா ஒயின் கிலாஸ், வாசம் உள்ளயே சுத்திக்கிட்டு நிக்கணும், அவ்வளவுதான். ஆனா எண்ணெப்பசை மட்டும் இருக்கவே கூடாது. கறி கழுவின அதே பஞ்சுல கிலாஸைத் தேய்ச்சா கண்ணுக்குத் தெரியாத எண்ணெ ஒட்டிக்கும், நுரை பொசுக்குன்னு உக்காந்துடும். புதுப் பஞ்சு, கொஞ்சமா சோப்பு, நெறைய தண்ணி, கவுத்து வச்சு தானா காயட்டும்.

சூடு, குளிர்ச்சி. இதுதான் முக்கால்வாசி பேரு தப்பு பண்ற இடம், அதனால கொஞ்சம் நிறுத்தி சொல்றேன். ஐஸ் பெட்டிக்குள்ள ஏறக்குறைய 4 டிகிரி இருக்கும், அந்தக் குளிர்ல வாசமும் எழும்பாது, இனிப்பும் சரியாத் தெரியாது, கசப்பும் கருகலும்தான் தெரியும். இந்த வகை ஸ்டவுட்டுக்கு 10-லருந்து 14 டிகிரி வரைக்கும் நல்லா இருக்கும். நம்ம ஊருல வெளிய எடுத்து வச்சு இருபது, இருபத்தஞ்சு நிமிஷம் போதும், அதுக்கு மேல விட்டா வெதுவெதுன்னு ஆகி ஆல்கஹால் வாசம்தான் முன்னாடி வரும். நாங்க பண்றது என்னன்னா, எடுத்தவுடனே ஆளுக்கு ரெண்டு விரக்கடை ஊத்துவோம், மிச்சத்தை மூடி மறுபடி உள்ள வச்சிடுவோம். கிலாஸ்ல இருக்கிறது உள்ளங்கை சூட்டுல மெதுவா மாறிக்கிட்டே வரும். முதல் அஞ்சு நிமிஷத்துல வெறும் கோப்பி ஓ மாதிரி இருந்தது, பத்து நிமிஷத்துல சாக்லெட்டா வரும், இருபதாவது நிமிஷத்துல எங்கேயோ இருந்து குலா மலாக்கா எட்டிப் பார்க்கும். அப்ப மறுபடி குளிர்ந்ததைக் கொஞ்சம் ஊத்தி பக்கத்துல வச்சுப் பாருங்க, ஒரே போத்தல்தானான்னு சந்தேகம் வந்துடும். ஐஸ் போட்டு குடிக்கிற பழக்கம் நம்ம காப்பிக்கடையில உண்டு, சாதா ஸ்டவுட்டுக்கு அது எப்படியோ போகட்டும், இதுல போட்டா அந்த கெட்டி ஒடைஞ்சு தண்ணியாயிடும்.

ஊத்துறப்ப கிலாஸைச் சாய்ச்சு மெதுவா ஊத்துங்க, கடைசியில நிமித்துங்க. நுரை வெள்ளையா வராது, பாலு கம்மியா போட்ட காப்பி கலர்ல வரும், கொஞ்ச நேரத்துல அடங்கியும் போயிடும், ஆல்கஹால் ஜாஸ்தின்னா அப்படித்தான், அது கெட்டுப்போனதுன்னு நெனைச்சுடாதீங்க. விளக்கு வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சாலும் ஒளி உள்ள போகாது. ஒரு சுத்து சுத்திட்டுப் பாருங்க, கிலாஸ் ஓரத்துல எண்ணெ மாதிரி படலமா நின்னு மெதுவா இறங்கும். கண்ணுக்கு அவ்வளவுதான் வேலை.

மூக்குக்குத்தான் நெறைய வேலை. கிலாஸுக்குள்ள மூக்கை விட்டு ஒரேயடியா இழுக்காதீங்க, ஆல்கஹால் ஏறி மூக்கு மரத்துடும், நாய்க்குட்டி மோந்து பார்க்கிற மாதிரி சின்னச் சின்னதா ரெண்டு மூணு தடவை, அப்புறம் கிலாஸைத் தள்ளி வச்சுட்டு நல்ல காத்து வாங்கிட்டு மறுபடி. மூக்கு களைச்சுப்போச்சுன்னா உங்க சொந்த சட்டைக் கையை மோந்து பாருங்க, பழகின வாசம்கிறதால மூக்கு பழைய நிலைக்கு வந்துடும்.

இங்கதான் நம்ம கோப்பி உதவிக்கு வருது. நம்ம காப்பிக்கடை கோப்பி ஓவுக்கு கொட்டையை சீனியும் மார்ஜரினும் போட்டு கறுக வறுப்பாங்க, பக்கத்துல ஈப்போ வைட் காப்பிக்கு சீனி இல்லாம மார்ஜரின் மட்டும் போட்டு வறுப்பாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல குடிச்சவங்களுக்கு சீனி கருகின கசப்பு ஒண்ணு, கொட்டை வறுபட்ட கசப்பு ஒண்ணு, ரெண்டும் வேற வேறன்னு தெரியும். ஸ்டவுட்டுலயும் அதேதான், வறுத்த பார்லியோட வறட்டுக் கசப்பு தனி, கருகின சீனிப்பாகு வாசம் தனி. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடிச்சிட்டீங்கன்னா பாதி ஸ்டவுட்டு புரிஞ்ச மாதிரி.

சரி, வாய். முதல் மொடக்கு ஒரு டீஸ்பூன் அளவுதான், அதை வச்சு எந்தத் தீர்ப்பும் சொல்லாதீங்க, அது நாக்கைப் பழக்கிக்கிறதுக்கு. ரெண்டாவது மொடக்கை வாய் முழுக்க உருட்டுங்க, நாக்குக்கு அடியில, கன்னத்துப் பக்கம், எல்லா இடத்துக்கும் போகட்டும், முழுங்குங்க, முழுங்கின உடனே வாயை மூடிக்கிட்டு மூக்கு வழியா மூச்சை விடுங்க. அந்த மூச்சுலதான் எல்லாம் இருக்கு. நம்பலன்னா ஒரு துண்டு குலா மலாக்காவை மூக்கைப் பொத்திக்கிட்டு வாயில போட்டுப் பாருங்க, வெறும் இனிப்பு, சீனியா வெல்லமான்னு கூடத் தெரியாது, மூக்கை விட்டவுடனே அந்தப் புகை வாசம், தென்னங்கள்ளு வாசம் எல்லாம் குபுக்குன்னு வரும். நாக்குக்குத் தெரிஞ்சது இனிப்பு, புளிப்பு, கசப்பு, உப்பு, அப்புறம் சூப்புல வர்ற அந்த உமாமி, இவ்வளவுதான். வெண்ணிலாவுக்கு இனிப்பே கிடையாது, அது வெறும் வாசம், நாம ஐஸ்கிரீமோட சேர்த்தே தின்னு பழகினதால மனசு அதை இனிப்புன்னு சொல்லுது.

அப்புறம் இந்தக் கேள்விகளை மனசுக்குள்ள கேட்டுக்குங்க. இனிப்பு எப்ப வந்துச்சு, எப்ப போச்சு? கெட்டியா இருக்கா, கஞ்சி மாதிரியா, காய்ச்சின பால் மாதிரியா? தொண்டையில இறங்குறப்ப எரியுதா இல்ல நெஞ்சுல இதமா சூடா நிக்குதா? எல்லாம் இறங்கினப்புறம் கடைசியில வாயில என்ன மிச்சம்? இந்தக் கடைசிக் கேள்விதான் எனக்கு எல்லாத்தையும் விட முக்கியம். நல்லா செஞ்ச ஸ்டவுட்டுல முதல்ல எவ்வளவு இனிச்சாலும் கடைசியில ஒரு கசப்பு வந்து வாயைத் துடைச்சு விட்டுட்டுப் போகும், கோப்பி ஓ குடிச்சு முடிச்சப்புறம் நாக்கு ஓரத்துல நிக்குமே அது மாதிரி, உடனே அடுத்த மொடக்கு கேக்கும். அந்தக் கசப்பு இல்லாதது எவ்வளவு வெலை குடுத்து வாங்கியிருந்தாலும் எனக்கு அது சீனிப்பாகுதான், மூணாவது மொடக்குல திகட்டிடும்.

யாரும் பேசுறதுக்கு முன்னாடி எழுதிடுங்க. பள்ளிக்கூட நோட்டுப் புஸ்தகமே போதும். ஒருத்தர் வாயைத் திறந்து சாக்லெட்டுன்னு சொல்லிட்டா மத்த மூணு பேருக்கும் சாக்லெட்டுதான் தெரியும், மனுஷ மனசு அப்படி. அன்னைக்கு எங்க நாலு பேரு நோட்டுலயும் நாலு விதமா இருந்துச்சு. மாமா புளூட் ஹித்தாம்னாரு, என் தங்கச்சி தீபாவளிக்கு அதிரசம் சுடுறப்ப வெல்லப்பாகு லேசா அடிப்பிடிச்ச வாசம்னு எழுதியிருந்தா, அவ வீட்டுக்காரரு காயா (தேங்காப்பால், முட்டை, சீனி போட்ட ஜாம்) தடவின ரொட்டி, கொஞ்சம் கருகினதுன்னாரு, நான் எள்ளுருண்டைன்னு எழுதியிருந்தேன். நாலும் சரிதான். வெள்ளைக்காரங்க இதையே அத்திப்பழம், மார்ஷ்மெல்லோன்னு எழுதுவாங்க, அது அவங்க வீட்டு ருசி. அத்திப்பழத்தை அடிக்கடி தின்னாதவங்க அந்த வார்த்தையைக் கடன் வாங்கி எழுதி என்ன ஆகப்போகுது, அடுத்த வருஷம் நோட்டைத் திருப்பிப் பார்த்தா நமக்கே ஒண்ணும் ஞாபகம் வராது. அதிரசம்னு எழுதினா அந்த அடுப்படியே ஞாபகம் வரும்.

கெட்டுப்போனதையும் கண்டுபிடிக்கத் தெரியணும். கிச்சாப் வாசம், ஈரமான அட்டைப் பெட்டி வாசம் வந்தா காத்தும் சூடும் பட்டு பழசானது. காப்பி போட்ட ஸ்டவுட்டுல பச்சைக் குடைமிளகாய் வாசம் வந்தா காப்பி நாள்பட்டதா இருக்கலாம். தேங்கா போட்டதுல பழைய தேங்காண்ணெ சிக்கு வாசம் வரலாம். ஒட்டுப்பால் நாத்தம் தெரியும்ல, தோட்டத்துல மூட்டை கட்டி வச்ச ரப்பர் கிட்ட போனா வருமே, அதுல ஒரு சாயல் வந்தா செத்த ஈஸ்ட்டு உள்ளேயே கரைஞ்சுபோச்சுன்னு அர்த்தம், இதை மாமாதான் வேற ஒரு போத்தல்ல முதல்ல கண்டுபிடிச்சாரு, நாங்க மூணு பேரும் என்னமோ ஒரு மாதிரி இருக்கேன்னு முழிச்சுக்கிட்டு இருந்தப்ப அவரு டக்குன்னு ஒட்டுப்பால்னாரு. சுள்ளுன்னு புளிச்சு, திறந்தவுடனே நுரை பொங்கி வழிஞ்சா வேண்டாத கிருமி பூந்திருக்கு. சந்தேகம்னா கொட்டிடுங்க, காசு போச்சேன்னு குடிக்காதீங்க.

கூட சாப்பிட இனிப்பு எதுவும் வைக்காதீங்க, குலாப் ஜாமுன் தின்னுட்டு இதைக் குடிச்சா ஸ்டவுட் வெறும் கசப்புத் தண்ணியா தெரியும். உப்புதான் இதுக்கு சோடி. ஈப்போ புந்தோங் கச்சாங் பூத்தே (வறுத்த கடலை, முறுக்கு வகை) நமக்குப் பக்கத்துலயே இருக்கு, நம்ம தமிழ் குடும்பங்க தலைமுறையா செய்றது, அதுல உப்பு முறுக்கு, வறுத்த கச்சாங் மட்டும் வாங்குங்க, காரம் போட்டது வேண்டாம். ஒரு மொடக்கு, ஒரு கச்சாங், மறுபடி ஒரு மொடக்கு, உப்பு பட்டதும் சாக்லெட் எப்படி எழும்புதுன்னு பாருங்க. நடுநடுவுல தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கணும்.

முதல் தடவை பண்றவங்க பக்கத்துல ரெண்டு ஸ்பூன் சாதா ஸ்டவுட்டும் ஊத்தி வைங்க. நம்ம தாத்தாங்க பச்சை முட்டை ஒடைச்சு ஊத்திக் குடிச்ச கின்னஸ்தான், ஆர்தர் கின்னஸ் டப்ளின்ல 1759-ல ஆரம்பிச்சது, 1960கள்லருந்து கோலாலம்பூர் பக்கத்துல நம்ம சுங்கைவேயிலயே காய்ச்சுறாங்க. முதல்ல அதைக் குடிச்சுட்டு அப்புறம் இதைக் குடிச்சா எது வறுத்த பார்லி, எது மேல போட்ட வெண்ணிலான்னு தானா பிரிஞ்சு தெரியும். அந்த வரிசையை மாத்தாதீங்க, இனிப்பை முதல்ல குடிச்சா சாதா ஸ்டவுட் புளிக்கும். குடிக்காதவங்க வீட்டுல இருந்தா அவங்களையும் உக்கார வைங்க, கோப்பி ஓ, பால் கோப்பி, குலா மலாக்கா, கறுப்பு சாக்லெட் இந்த நாலை வச்சு மூக்கைப் பொத்தி விடுற அதே பரீட்சையை அவங்களும் செய்யலாம். எங்க அத்தை பீரைத் தொட மாட்டாங்க, ஆனா மோந்து பார்த்து சொல்றதுல எங்க எல்லாரையும் விட அவங்கதான் கெட்டி.

முடிஞ்சதும் கிலாஸையும் போத்தலையும் உடனே தண்ணி விட்டு அலசிடுங்க, அடியில நிக்கிற அந்த இனிப்புக்கு அரை மணி நேரத்துல எறும்பு வரிசை கட்டி வந்துடும். லேபிளை தண்ணியில ஊறவச்சு உரிச்சு, காய வச்சு, நோட்டுல அந்தப் பக்கத்துலயே ஒட்டி தேதியைப் போட்டு வைங்க. மாமா அவரு பக்கத்துல புளூட் ஹித்தாம்னு எழுதி அடியில கோடு போட்டு, அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்குன்னு கேட்டுட்டு நடந்தே வீட்டுக்குப் போனாரு.